பாலைவனத்தில் ஒரு ரப்பர் வளையம்

சென்ற விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கல்லூரியில் என்னிடம் இயற்பியல் படித்தவர். பிறகு மோட்டார் வாகனத் துறைக்குப் போய், இப்போது ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு அவர் கொண்டுவந்த பரிசு என்ன தெரியுமா? மடித்த காகித உறைக்குள் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அதுவும் தேய்ந்துபோன வளையம்!

"சார், உங்கள் வகுப்பில் நீங்கள் எங்களைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதிலாக இன்று நான் ஒன்று கேட்கிறேன். இந்த வளையம் ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். உள்விட்டம் ஏறத்தாழ 5 செ.மீ. இருக்கும். தடிப்பு சில மில்லிமீட்டர்தான். தண்ணீர்க் குழாய் இணைப்பிலும் பம்பிலும் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய ஓ-ரிங் என்னும் வகை. விரலால் தடவிக்கொண்டே வந்தால் ஒரு பக்கம் உருண்டையாக இருந்தது. எதிர்ப்பக்கம் சப்பையாக, கத்தியால் சீவியதுபோல இருந்தது. "சூடு பட்டிருக்கும்" என்றேன். அவர் சிரித்தார். சூடு என்றால் சுற்றிலும் அல்லவா பட்டிருக்க வேண்டும்?

"இந்த வளையத்தால் ஐந்து பேர் சிம்ப்சன் பாலைவனத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார்கள், சார். இதை வண்டியில் போட்டவன் நான்தான்" என்றார். பிறகு அவர் சொன்ன கதை என்னை இரவெல்லாம் யோசிக்க வைத்தது. அதை உங்களுக்கும் சொல்லத் தோன்றியது. ஆனால், அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு வண்டியின் அடியில் நாம் படுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சக்கரம் சுற்ற, மற்றொன்று நிற்க

ஒரு ஜீப் வளைவில் திரும்புகிறது. உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும், வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் சுற்றி வந்தால் வெளிச்சக்கரம் எவ்வளவு அதிகமாக ஓடியிருக்கும்? வட்டங்களின் ஆரங்கள் 1.5 மீட்டர் வேறுபடுவதால் சுற்றளவுகள் 2 × 3.14 × 1.5, அதாவது சுமார் 9.4 மீட்டர் வேறுபடும். வட்டம் சிறிதானாலும் பெரிதானாலும் இதே 9.4 மீட்டர்தான்! நம்ப முடியாவிட்டால் இரண்டு வெவ்வேறு ஆரங்களை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு சக்கரங்களும் ஒரே இரும்புத் தண்டில் பிணைந்திருந்தால், இந்த 9.4 மீட்டரை ஏதாவது ஒரு டயர் தேய்த்து இழுத்தே கடக்க வேண்டியிருக்கும். இந்தத் தொல்லையைத் தீர்ப்பதுதான் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி. 1820களின் இறுதியில் பிரெஞ்சுப் பொறியாளர் ஒனெசிஃபோர் பெக்கேர் நீராவி வண்டிக்காக இதை அமைத்தார். இன்றைய கார், பஸ், லாரி எல்லாவற்றிலும் அடிப்படை அதேதான். என்ஜினிலிருந்து வரும் பினியன் என்ற சிறு பற்சக்கரம் கிரௌன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரௌன் வீலோடு ஓர் இரும்புக் கூடு சேர்ந்து சுழலும். கூட்டுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்கள் இடது, வலது ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பங்கிட்டுத் தருகின்றன. பங்கு சமமாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று வேகம் குறைந்தால் மற்றது அந்த அளவு வேகம் கூடும்.

வேகத்தைத்தான் இப்படி விருப்பம்போலப் பங்கிடுகிறது. திருப்புவிசையை மட்டும் எப்போதும் இரண்டு பக்கமும் சமமாகவே தரும். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வலது சக்கரம் கெட்டியான தரையிலும், இடது சக்கரம் மணலில் பாதி அந்தரத்திலும் இருக்கின்றன என்று கொள்வோம். இடது சக்கரத்தைச் சுழற்ற 50 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசை போதும். அதற்குமேல் அது வழுக்கிச் சுற்றும். அப்படியானால் வலது சக்கரத்துக்கும் அதே 50 தான் கிடைக்கும். அந்தச் சக்கரத்துக்கு நல்ல பிடிப்பு இருந்தும் பயனில்லை. ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இடது சக்கரம் மணலை வாரி இறைக்கும். வலது சக்கரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்.

இதற்கு மருந்து எளிது. வேண்டும்போது மட்டும் ஓர் ஆக்சிலின் பற்சக்கரத்தைக் கூட்டோடு பூட்டிவிட வேண்டும். பூட்டிவிட்டால் இரண்டு சக்கரங்களும் ஒன்றாகத்தான் சுழல முடியும். பிடிப்புள்ள சக்கரத்துக்கு அதன் பிடிப்பு தாங்குமளவு விசை போய்ச் சேரும். நம் ஊர் டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு இது புதிதல்ல. சேற்று வயலில் ஒரு சக்கரம் வழுக்கினால், காலடியிலுள்ள ஒரு மிதியை அழுத்தி டிஃபரன்ஷியலைப் பூட்டுகிறார்கள். டிராக்டரில் அந்த மிதிக்கு அருகிலேயே பற்சக்கரப் பெட்டி இருக்கிறது. ஜீப் வகை வண்டிகளிலோ பின் ஆக்சில் ஓட்டுபவரிடமிருந்து தள்ளி, ஸ்பிரிங்கின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அங்கே இரும்புக் கம்பியை நீட்டி அழுத்துவதைவிட, வளையக்கூடிய மெல்லிய குழாயில் காற்றை அனுப்புவது சுலபம். மெல்போர்ன் நகரத்து ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் 'ஏர் லாக்கர்' இவ்வகைக் காற்றுப் பூட்டுகளில் பெயர்பெற்றது. மின்காந்தத்தாலும் மின்மோட்டாராலும் பூட்டுகிற அமைப்புகளும் இருக்கின்றன. இன்று நமக்குக் காற்றுதான் கதை.

பானட்டுக்குள் ஒரு சிறு கம்ப்ரசர். அது வண்டியின் 12 வோல்ட் மின்கலத்தில் ஓடி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6, 7 கிலோகிராம் என்ற அளவுக்குக் காற்றை அழுத்திவைக்கும். ஓட்டுபவர் பொத்தானைத் தட்டினால் சொலினாய்டு வால்வு திறக்கும். பென்சிலைவிட மெல்லிய குழாய் வழியாகக் காற்று ஆக்சிலுக்குள் போய், மோதிர வடிவப் பிஸ்டன் ஒன்றைத் தள்ளும். பிஸ்டனின் பரப்பு 20 சதுர செ.மீ. என்று கொண்டால் 6 × 20 = 120 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை. அது ஸ்பிரிங்குகளை அமுக்கிக்கொண்டு பல் வளையத்தை நகர்த்திக் கூட்டைப் பூட்டும். பொத்தானை அணைத்தால் காற்று வால்வின் வழியே வெளியேறும், ஸ்பிரிங்குகள் பிஸ்டனைத் திருப்பித் தள்ளும், பூட்டு திறக்கும். கசிவினால் அழுத்தம் 2 கிலோவாக இறங்கிவிட்டால் தள்ளும் விசை 40 தான். ஸ்பிரிங்கை வெல்ல அது போதாமல் போகலாம்.

சுழல்வதற்கும் நிற்பதற்கும் நடுவே

கெட்டிக்கார மாணவர் ஒருவர் இப்போது கையைத் தூக்கியிருப்பார். "சார், கம்ப்ரசர் வண்டியோடு நிற்கிறது. பிஸ்டனோ சுழலும் கூட்டுக்குள் இருக்கிறது. குழாயைக் கொண்டுபோய்ச் சொருகினால் கயிறுபோல முறுக்கிக்கொள்ளாதா?"

முறுக்கிக்கொள்ளும். ஆகவே குழாயைச் சுழலும் பாகத்தோடு இணைப்பதில்லை. கூட்டின் ஒரு முனையில், பேரிங் இருக்கும் இடத்தை ஒட்டி, உருளை வடிவக் கழுத்து ஒன்று உண்டு. அந்தக் கழுத்தின்மேல் மோதிரம்போல ஓர் உலோக வளையம் தளர்வாக உட்கார்ந்திருக்கும். கழுத்து சுழலும், இந்த மோதிரம் சுழலாது. செம்புக் குழாய் மோதிரத்தில்தான் முடிகிறது. மோதிரத்தின் உட்புறத்தில் இரண்டு பள்ளங்கள், அவற்றில் இரண்டு ஓ-ரிங்குகள். இரண்டுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியில் காற்று நிறைகிறது. கழுத்திலுள்ள துளை அந்த இடைவெளிக்கு நேரே சுற்றிக்கொண்டே இருப்பதால், எந்த நிலையிலும் காற்று உள்ளே போக வழி உண்டு. அக்கம்பக்கம் ஓடிவிடாமல் தடுப்பவை அந்த இரண்டு ரப்பர் வளையங்கள் மட்டுமே.

ஓ-ரிங்கின் இயற்பியல் மிக அழகானது. வளையத்தின் தடிப்பைவிடப் பள்ளத்தின் ஆழம் சற்றுக் குறைவு. ஆகவே வளையம் எப்போதும் கொஞ்சம் நசுங்கியே இருக்கும். காற்று வந்ததும் அது வளையத்தைப் பள்ளத்தின் மறுசுவரோடு சேர்த்துத் தள்ளுகிறது. ரப்பர் வடிவம் மாறுமே தவிரக் கன அளவு குறையாது. ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் பிதுங்கி, கழுத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும். தப்பிக்கப் பார்க்கும் காற்றே தன் கதவைச் சாத்திக்கொள்கிறது! டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்பவர் இதற்கு 1937-இல் காப்புரிமை கேட்டு, 1939-இல் பெற்றார். விண்ணப்பித்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

ஆனால் முதல் நசுக்கம் இல்லாவிட்டால் இந்த வித்தை நடக்காது. கொஞ்சம் இடைவெளி கிடைத்தாலும் காற்று வளையத்தைத் தள்ளுவதற்கு முன்பே பக்கவாட்டில் ஓடிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இந்த வளையம் எவ்வளவு உழைக்கிறது என்று பார்ப்போமா? பூட்டைப் போட்டாலும் போடாவிட்டாலும் வண்டி ஓடும் நேரமெல்லாம் கழுத்து வளையத்துக்குள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். டயரின் விட்டம் 80 செ.மீ., கழுத்தின் விட்டம் 5 செ.மீ. என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு டயர் கடக்கும் தூரத்தில் பதினாறில் ஒரு பங்கு தூரம் ரப்பர் உராய்கிறது. வண்டி 16,000 கி.மீ. ஓடினால் வளையம் 1,000 கி.மீ. உராய்ந்திருக்கும். உங்கள் பென்சில் ரப்பரைக் காகிதத்தில் ஒரு கிலோமீட்டர் தேய்த்தால் என்ன மிஞ்சும்? இந்த வளையம் தாங்குவதற்குக் காரணம், கியர் ஆயில் நடுவே மெல்லிய படலமாக நிற்பதுதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இதற்காக நீங்கள் ஒரு சோதனை செய்ய வேண்டும். பட்டையான ரப்பர் பேண்டு ஒன்றைச் சட்டென்று இழுத்து, இழுத்த நிலையிலேயே உதட்டில் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக இருக்கும். அப்படியே சற்று நேரம் ஆறவிட்டு, சுருங்கவிட்டு மறுபடி உதட்டில் வையுங்கள். சில்லென்று இருக்கும். இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் கஃப் இதை 1805-இல் எழுதினார். சிறு வயதில் அம்மையால் பார்வையிழந்தவர் அவர். அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. கண்ணால் காண முடியாததை உதட்டால் கண்டுபிடித்தார்! பிறகு ஜூல் இதைத் துல்லியமாக அளந்தார். இதன் மறுபக்கம் என்னவென்றால், இழுத்துப் பிடித்த ரப்பரைச் சூடாக்கினால் அது இரும்பைப்போல நீளாது, சுருங்கும்.

சுழலும் தண்டின்மேல் ஓ-ரிங்கை இழுத்து மாட்டினால் என்ன ஆகும் என்று இப்போது யோசியுங்கள். உராய்வால் சூடாகும். சூட்டால் சுருங்கும். சுருங்கினால் இறுகும். இறுகினால் உராய்வு கூடும். இப்படியே போய் வளையம் கருகிவிடும். எனவே சுழல்வதற்கான வளையத்தை இழுத்து மாட்டுவதில்லை. வெளியிலிருந்து பள்ளம் அமுக்கிப் பிடிக்கும்படி அமைக்கிறார்கள். காற்றுப் பூட்டில் வளையங்கள் கழுத்தில் இல்லாமல் மோதிரத்தின் உட்புறப் பள்ளங்களில் இருக்கின்றன என்று சொன்னேன் அல்லவா? அதனால் கிடைக்கும் நன்மைகளில் இதுவும் ஒன்று. கடையில் கைக்குக் கிடைத்த "கிட்டத்தட்ட அதே அளவு" வளையத்தைப் போட்டு ஒப்பேற்றுவது இங்கே ஆகாது. ஒரு மில்லிமீட்டர் சிறிதானாலும் இழுபட்டுத்தான் உட்காரும்.

மணலில் இரண்டு நாள்

சிம்ப்சன் பாலைவனத்தில் 1,100-க்கும் மேற்பட்ட மணல்மேடுகள் அலைகளைப்போல இணையாக ஓடுகின்றன. மேற்கிலிருந்து கிழக்கே போகிறவர்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். கிழக்கு விளிம்பில், பேர்ட்ஸ்வில் என்ற சிற்றூரின் அருகே இருக்கும் 'பிக் ரெட்' மேடு சுமார் 40 மீட்டர் உயரம். கோடையின் கொடுமை காரணமாக ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே யாரையும் விடுவதில்லை. என் மாணவர் சொன்ன சம்பவம் நடந்தது ஜூலையில். அது அவர்களுக்குக் குளிர்காலம்.

ஜூன் மாதம் ஒரு வண்டி பட்டறைக்கு வந்திருக்கிறது. பின் ஆக்சிலின் காற்றுப் பூட்டு கசிகிறது என்பது புகார். என் மாணவர் திறந்து பார்த்து, வளையங்கள் தேய்ந்திருக்கக் கண்டு, புதியவற்றைப் போட்டு அனுப்பிவிட்டார். "பழைய வளையங்களைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, சார். குப்பைத் தொட்டியில் போட்டேன். அன்று வெளியே நான்கு வண்டிகள் காத்திருந்தன" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த வண்டி பாலைவனத்துக்குப் போனது. மணலில் போவதற்காக டயர்களின் காற்றைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். டயர் பரந்து உட்கார்ந்தால்தான் மணலில் புதையாது. பாதிவழியில் ஒரு மேட்டில் ஒரு சக்கரம் புதைந்தது. பூட்டைப் போட்டார்கள். கம்ப்ரசர் ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. கசிகிற பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். சூடு மிஞ்சியதும் கம்ப்ரசரின் பாதுகாப்பு ஸ்விட்ச் அதை அணைத்தது. ஆறியதும் மறுபடி ஓடியது. மாலைக்குள் அது முழுவதும் கெட்டுப்போயிற்று. மண்வெட்டியால் தோண்டி வண்டியை எப்படியோ மேட்டிலிருந்து பின்வாங்கிவிட்டார்கள். ஆனால் அப்போதுதான் அடுத்த இடி. ஒரு டயர் விளிம்பிலிருந்து கழன்றிருந்தது. டயரை மறுபடி ஊதி உட்காரவைக்க இருந்த ஒரே கருவி அதே கம்ப்ரசர்தான்! குடிநீர் போதுமான அளவு இருந்ததால் தைரியமாகக் காத்திருந்தார்கள். மறுநாள் மாலை வேறொரு குழு அந்த வழியே வந்து காற்றடித்துக் கொடுத்தது. இரவில் குளிர் எலும்பைத் தொட்டதாம். ஐவரில் இருவர் சிறுவர்கள்.

கசிவைத் தேடுதல்

வண்டி மறுபடி பட்டறைக்கு வந்தது. இந்த முறை என் மாணவர் ஸ்பேனரைத் தொடவில்லை. புதுக் கம்ப்ரசரை மாட்டிவிட்டு, முதலில் காதையும் கண்ணையும் பயன்படுத்தினார். அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உங்கள் ஆய்வுக்கூடத்திலும் உதவும்.

பூட்டைப் போடாமல் கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டார். அழுத்தம் நிறைந்ததும் நின்றது. மறுபடி தானாக ஓடவில்லை. எனவே கம்ப்ரசருக்கும் வால்வுக்கும் நடுவே கசிவில்லை. பூட்டைப் போட்டார். உடனே விட்டுவிட்டு ஓடத் தொடங்கியது. குற்றவாளி வால்வுக்கு அப்பால் இருக்கிறான். வெளியே தெரியும் குழாய் முழுவதும், ஆக்சிலுக்குள் அது நுழையும் இணைப்பு வரை, சோப்புத் தண்ணீர் தடவினார். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதுபோலத்தான். ஒரு குமிழிகூட இல்லை.

மிஞ்சியது ஆக்சிலின் உள்ளே. அங்கே சோப்புத் தண்ணீர் எப்படித் தடவுவது? ஒவ்வோர் ஆக்சில் பெட்டிக்கும் மூச்சுக்குழல் ஒன்று உண்டு. ஓடிச் சூடாகும்போது விரியும் காற்று வெளியேற அது வழி. அதன் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் அமிழ்த்தினார். பூட்டைப் போட்டார்: குமிழிகள் வந்தன. அணைத்தார்: நின்றன. போட்டார்: வந்தன. இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டுமா? வண்டி ஓடி வந்த சூட்டோடு இதைச் செய்திருந்தால், ஆறும் காற்று சுருங்கித் தண்ணீரை உள்ளே இழுத்திருக்கும். அதனால் இரவு முழுவதும் ஆறவிட்டுக் காலையில்தான் செய்திருக்கிறார். இன்னொரு சாட்சியும் கிடைத்தது. பூட்டை அணைக்கும்போது வால்வின் வாயில் லேசாகக் கியர் ஆயில் தெறித்தது. காற்று தப்பிக்கிற வழியே எண்ணெய் உள்ளே ஏறி, திரும்பும் காற்றோடு குழாயில் பயணம் செய்து வந்திருக்கிறது.

மூச்சுக்குழல் சேற்றினால் அடைபட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றார். கசியும் காற்று ஆக்சில் பெட்டியையே ஊதி, சக்கரங்களின் பக்கமுள்ள எண்ணெய்த் தடுப்பான்களைப் பிதுக்கிவிடும். பிறகு எண்ணெய் பிரேக்கில் போய்ச் சேரும்.

அதன் பிறகே திறந்தார். எண்ணெயை வடித்து, அதில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்த்து, ஆக்சில்களை இழுத்து, பற்சக்கரத் தொகுதியை வெளியே எடுத்தார். கழற்றுவதற்கு முன்பு கிரௌன் வீலுக்கும் பினியனுக்கும் உள்ள பல் இடைவெளியை அளந்து எழுதிவைத்தார். பெரும்பாலான வண்டிகளில் அது 0.15 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கும். திரும்பப் பூட்டும்போது அதே அளவு வராவிட்டால் பற்கள் ஊளையிடும். பேரிங் மூடிகள் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் இடத்தை மாற்றக்கூடாது. ஆகவே புள்ளி குத்தி அடையாளம் வைத்தார்.

பேரிங்கை இழுத்தெடுத்து மோதிரத்தைக் கழற்றியதும், வளையங்களை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பவில்லை. பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் அது காற்றுக்குப் போட்ட வாய்க்கால். மரக்குச்சியால் மெல்ல எடுத்தார். கழுத்தின்மேல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். நகம் எங்கும் மாட்டவில்லை. மாட்டியிருந்தால் எத்தனை புது வளையம் போட்டாலும் பயனில்லை. கழுத்தைத்தான் கவனிக்க வேண்டும். கழுத்தில் குற்றமில்லை. காற்றுப் பூட்டிலும் குற்றமில்லை. பிறகு கையிலிருந்த வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் சப்பை.

விடை உங்களுக்கு இப்போது எட்டியிருக்கலாம். சுழல்வது கழுத்து; வளையம் மோதிரத்தோடு நிற்கிறது. வளையமும் சேர்ந்து சுழன்றிருந்தால் சுற்றிலும் ஒரேமாதிரி தேய்ந்திருக்கும். நிற்கிற பொருளில் ஒரு பக்கம் மட்டும் தேய்வு என்றால், அந்தப் பக்கத்தை ஏதோ ஒன்று எப்போதும் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கிறது. எது? மோதிரத்தோடு இணைந்திருப்பது செம்புக் குழாய் ஒன்றுதான். முன்பு எப்போதோ, யாரோ இந்தத் தொகுதியைக் கழற்றி மாட்டியபோது குழாய் சற்றே வளைந்துவிட்டது. அதை நிமிர்த்தாமல் திருகிப் பூட்டியதால் அது ஸ்பிரிங்போல மோதிரத்தை எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. இழுத்த பக்கத்துக்கு எதிரே வளையம் அளவுக்குமேல் நசுங்கித் தேய்ந்தது. இழுத்த பக்கத்திலோ அந்த முதல் நசுக்கமே இல்லாமல் போயிற்று. காற்று அந்த வழியே நழுவியது. ஜூனில் குப்பைத் தொட்டிக்குப் போன வளையங்களும் இதையே சொல்லியிருக்கும்.

குளிரும் தன் பங்கைச் செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ரப்பர் குளிர்ந்தால் விறைக்கும். நசுக்கத்திலிருந்து மீள நேரமெடுக்கும். 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்து எழுவர் இறந்தபோது, காரணம் தேடிய குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், ஓ-ரிங் ரப்பர்த் துண்டு ஒன்றை இடுக்கியில் நசுக்கிப் பனிக்கட்டி நீரில் போட்டு, அது விரைவில் பழைய வடிவுக்கு மீளாததை எல்லோர் முன்பும் காட்டினார். பாலைவனத்து இரவு அவ்வளவு கொடிய குளிரல்லதான். ஆனால் ஏற்கெனவே நசுக்கம் இழந்த வளையத்துக்கு அதுவே அதிகம். என் மாணவர் இதை முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை. குழாய்தான் காரணம் என்கிறார். வண்டியைத் திறந்து பார்த்தவர் அவர் என்பதால் நான் வாதாடவில்லை.

புது வளையங்களைக் கியர் ஆயிலில் ஊறவைத்தார். முறுக்கிக்கொள்ளாதபடி பள்ளத்தில் விரலால் சுற்றிலும் தடவி அமர்த்தினார். மோதிரத்தைக் கழுத்தின்மேல் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே ஏற்றினார். செம்புக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வளைத்தார். கிரௌன் வீலைத் தொடாமல், எங்கும் இழுக்காமல், இணைப்பின் வாய்க்கு அது தானாகவே வந்து நிற்கும்வரை நான்கு முறை வளைத்துப் பார்த்தாராம். இணைப்பைத் திருகுமுன் மோதிரத்தை விரலால் அசைத்தார், லேசாக ஆடியது. திருகிய பிறகும் அதே அளவு ஆடியது. வண்டியில் ஏற்றுவதற்கு முன்பு மேசையின்மேல் வைத்தே காற்றைக் கொடுத்து, பூட்டு விழும் 'டக்' சத்தத்தைக் கேட்டு, கூட்டைக் கையால் சுற்றிச் சுற்றிக் கசிவு பார்த்தார்.

எல்லாம் பூட்டிப் புது எண்ணெய் ஊற்றிய பிறகு மறுபடி அந்த டம்ளர் தண்ணீர் வந்தது. பூட்டைப் போட்டதும் பிஸ்டன் நகர்ந்ததால் ஒரே ஒரு குமிழி வந்தது. கம்ப்ரசர் நின்றது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு டம்ளரின் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் வரை இரண்டாவது குமிழி வரவில்லை.

வளையம் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வரும் ஆண்டு முதல் வகுப்பில் அதைச் சுற்றிவிடப் போகிறேன், கேள்வியை மட்டும் சொல்லி.